முட்டை அட்டைக்குள் மேகம்

"அதையா வாளியில போட்டே? அண்ணா, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

"மழையில நனைஞ்சாலும் எரியும்னு பீத்திக்கிட்டியே! அதான் குளிப்பாட்டிப் பார்த்தேன்." சொட்டச் சொட்ட ஒரு முட்டை அட்டைக் குழியைத் தூக்கிக் காட்டினான் அண்ணன்.

தங்கைக்குச் சலவைக்கடையில் வேலை. துணி உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் படியும் பஞ்சை ஒரு மாதமாகப் பை பையாக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். முட்டை அட்டையின் பன்னிரண்டு குழிகளிலும் அதை அடைத்து, சுடுநீர்ச் சட்டிக்குள் டப்பாவை வைத்து உருக்கிய மெழுகை மேலே ஊற்றி, ஆறவிட்டுக் குழி குழியாக வெட்டியிருந்தாள். காட்டில் அடுப்பு மூட்டத்தான்.

போன தடவை மலையேற்றக் குழுவில் அந்தப் பொறுப்பு அவளுடையது. தீப்பெட்டி முழுக்கத் தீர்ந்தது, தீ மட்டும் வரவில்லை. பதினோரு பேர் காய்ந்த ரொட்டியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு வெடவெடவென்று நடுங்கினார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் 'ஈரவிறகு'. நாளைக் காலை மறுபடி மலை. "இந்த வாட்டியும் புகைஞ்சா, அடுத்த பயணத்துல உனக்கு இடம் கிடையாது," என்று குழுத்தலைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

அண்ணன் தீக்குச்சியைக் கிழித்து வைத்தான். அட்டையின் ஓரம் பற்றியது. உள்ளிருந்த பஞ்சோ சுருண்டு, உருகி, கரும்புகை கக்கி அணைந்துபோனது.

"போச்சுடா! ஈரவிறகோட மேகம் கருமேகமாயிடுச்சு!"

மேகம் என்பது அவள் சொன்ன வார்த்தைதான். வலையிலிருந்து பஞ்சை உரிக்கும்போதெல்லாம் கை வானத்துக்குள் போய்வந்த மாதிரி இருக்கும் அவளுக்கு. விடுதித் துண்டுகள் காய்ந்தால் வெள்ளை மேகம். விளையாட்டுக்காரர்களின் பனியன்கள் காய்ந்தால் நீல மேகம். அழகாக இருக்கட்டுமே என்று அடியில் வெள்ளை, மேலே நீலம் என அடுக்கியிருந்தாள்.

"அய்யய்யோ! அந்தப் பனியனெல்லாம் பாலியஸ்டர்ணா!"

கடையில் ஒரு துணி என்ன ரகம் என்று சந்தேகம் வந்தால், நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பவளே அவள்தான். சாம்பலானால் பருத்தி, உருண்டு மணியானால் பாலியஸ்டர். ஊரார் துணிக்கெல்லாம் செய்த சோதனையைத் தன் பஞ்சுக்குச் செய்யத் தோன்றவே இல்லை.

"நிக்காதே, ஊசியை எடு!"

மீதிப் பதினொரு குழிகளிலும் மெழுகைக் கீறி இழை உருவினாள். அண்ணன் ஒவ்வொன்றாகக் கொளுத்தினான். மணி, மணி, மணி. பத்தும் மணி. கடைசிக் குழியின் இழை மட்டும் சாம்பலாகி மிதந்து போனது. நீலம் தீர்ந்துவிட்டதே என்று வருத்தத்தோடு வெறும் வெள்ளையை அடைத்த குழி அது. இன்று கடைக்கு விடுமுறை. புதுப் பஞ்சுக்கு வழியில்லை. மற்றக் குழிகளில் நீலமும் வெள்ளையும் மெழுகில் ஒட்டி இறுகிவிட்டதால் பிரித்தெடுக்கவும் முடியாது.

"ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒண்ணு போதும்ணா."

"உன் வாய்க்கே ஒரு டஜன் வேணுமே!" என்றவன், அதைத் தன் சாப்பாட்டு டப்பாவுக்குள் பத்திரமாக வைத்து மூடிக் கொடுத்தான்.

மறுநாள் மலையில் மேகம் இறங்கி, மரங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பெரிய இயந்திரத்தின் வலையில் பஞ்சோடு பஞ்சாகத் தானும் படிந்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. நனைந்த சுள்ளிகளின் பட்டையைச் சீவினாள். நடுவே வெள்ளைக் குழியை வைத்தாள். ஒரே தீக்குச்சி.

தீ அவசரப்படவில்லை. அட்டையின் விளிம்பில் மெதுவாக நடந்தது, பஞ்சுக்குள் எட்டிப் பார்த்தது, பிறகு அங்கேயே குடியேறிவிட்டது. சுள்ளிகள் சீறின, ஆவி விட்டன, ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. பதினோரு ஜோடிக் கைகள் தீயைச் சுற்றி நீண்டன.

"ஏய் ஈரவி…" என்று ஆரம்பித்த தலைவி பாதியில் நிறுத்தினாள். "அடுத்த பயணத்துக்கும் அடுப்பு உன்னோடதுதான். ஆனா இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது?"

"முட்டை!" என்றது ஒரு குரல். "ஒத்தைக்குழி!" என்றது இன்னொன்று. அவள் காதில் எதுவும் விழவில்லை; தீக்கு மேலே வெள்ளையாய் எழுந்து மேகத்தில் கலக்கும் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு 'மேகக்காரி'தான் தோன்றுகிறது. நீங்களே சொல்லுங்களேன், அவளுக்கு என்ன பெயர் வைக்கலாம்?