தொட்டுப் பார்த்துட்டுச் சொல்லணும்

சித்தி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்தவன் எவனோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். அம்மாவின் தங்கையும் சித்தி. அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வருகிறவளும் சித்தி. எதற்கெல்லாமோ தனித்தனிச் சொல் வைத்தவர்களுக்கு இதற்கு மட்டும் என்ன பஞ்சமோ தெரியவில்லை.

அக்கா போய் இது இரண்டாவது வருஷம். அவள் விட்டுப்போன இரண்டில் பெரியவனுக்கு ஏழு வயது, சின்னதுக்கு நாலு. எனக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் கலந்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து ஓரம் தேய்க்க வேண்டும். சாயங்காலம் நகக்கண்ணில் வெள்ளை மாவோடு அத்தான் வீட்டுக்குப் போவேன். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்துவிட்டு என் அறைக்குத் திரும்புவேன். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவன் மாட்டிக்கொண்டாலும் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓட வேண்டும்.

'நீயே கட்டிக்கிட்டா என்ன?' என்று சொந்தக்காரர்கள் கேட்காமல் இல்லை. அதைக் கேட்டு எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்புத்தான் வந்தது. எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன் அவர்.

இப்போது அவருக்கு ஒருத்தி அமைந்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளந்து பார்க்கிறவள். நான் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பேர் வைத்திருந்தேன், மனசுக்குள்ளேதான்.

"ஞாயித்துக்கிழமை சிலைப் பூங்காவுக்குப் போலாம். நீயும் வந்தா பிள்ளைங்க மிரளாது" என்றார் அத்தான். அப்புறம் தயங்கித் தயங்கி, "அவளை சித்தின்னு கூப்பிடச் சொல்லலாம்னு பாக்கறேன்" என்றார்.

"அந்தப் பேருல ஏற்கெனவே ஆள் இருக்கு, அத்தான். ஆன்ட்டின்னு கூப்பிடட்டும்."

வெடுக்கென்றுதான் சொன்னேன். எனக்கென்று இந்த உலகத்தில் இருந்ததே அந்த ஒரு சொல்தான். அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் நிற்பது?

ஞாயிற்றுக்கிழமை, எதிர்பார்த்தபடியே, ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் அத்தான் ஓடிவிட்டார். பிள்ளைகளோடு நான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.

புல்வெளி முழுக்கச் சிலைகள். தலை கை கால் என்று அடையாளம் தெரிகிறவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வளைந்த இரும்பும், குடைந்த கல்லும். பெரியவனை அக்கா இங்கே அடிக்கடி கூட்டி வருவாள். அவள் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு சிலையும் நமக்கு என்ன முறை என்று சொல்ல வேண்டும்.

"தொட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்லணும். பார்த்துட்டுச் சொன்னா அவுட்டு" என்று தங்கைக்குச் சட்டம் சொன்னான் பெரியவன்.

சின்னது ஓடிப்போய் ஓர் உருண்டைக் கருங்கல்லை இரண்டு கையாலும் தடவியது. "தொப்பை! இது பெரியப்பா!"

சாய்ந்து நின்ற ஒல்லி இரும்புக் குழாயைப் பெரியவன் தட்டிப் பார்த்தான். "இது அப்பா. லிஃப்டு ரிப்பேர் பண்ணிட்டு வந்து நின்னுக்கிட்டே தூங்கறாரு."

அடுத்தது, நடுவில் பெரிய ஓட்டை போட்ட வெள்ளைக் கல். சின்னது தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவியது. "வாயி... மூடவே மாட்டேங்குது."

"அப்ப அத்தை" என்றான் பெரியவன்.

அத்தானின் அக்காவைத் தெரிந்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தபோது அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் தெரிந்தது. கண்ணாடிக்காரி புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்து, "உள்ள யாரு இருக்கீங்க?" என்றாள். சின்னது கிறீச்சிட்டுச் சிரித்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். என் பிழைப்பே அதுதானே! மேல்வரிசையில் ஒரு பல் லேசாக ஏறியிருந்தது. வேறு ஒரு குறையும் அகப்படவில்லை. பொம்மையும் மிட்டாயும் வாங்கி வந்து பிள்ளைகளை வளைத்துப்போடப் பார்ப்பாள் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் பாட்டிலும் கை துடைக்க ஒரு துண்டும்தான் கொண்டு வந்திருந்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியாக அந்த வெண்கலப் பெண்ணிடம் வந்தோம். கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் கண் மூக்கு எதுவும் செதுக்கவில்லை. உடம்பெல்லாம் கறுத்து, பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து மடி மட்டும் பளபளவென்று இருக்கும். சின்னது ஏறப் போனது.

"இரும்மா, வெயில்ல சுடும்." கண்ணாடிக்காரி முந்திக்கொண்டு தன் உள்ளங்கையை அந்த மடியில் வைத்துப் பார்த்தாள். துண்டை நனைத்துப் பிழிந்து விரித்தாள். "இப்ப உக்காரு."

எனக்கு அது தோன்றியிருக்காது. அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

"இது யாரு?" என்றது சின்னது மடியில் இருந்தபடி.

"இது அம்மா. அம்மாவே சொல்லியிருக்காங்க" என்றான் பெரியவன். அவன் குரல் இறங்கியிருந்தது. அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. சின்னதுக்கு எதுவும் இல்லை. அம்மா என்றால் அதற்குச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு படம்தான்.

சின்னது சறுக்கி இறங்கி, நேராகக் கண்ணாடிக்காரியிடம் போய் அவள் கன்னத்தில் கை வைத்தது. சட்டப்படி தொட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

"இவங்க யாரு?"

"ஆன்ட்டி" என்றேன்.

"எதிர்வீட்டுலதான் ஆன்ட்டி. அவங்க ராத்திரி அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. இவங்க நம்ம வீட்டுலயே இருப்பாங்கன்னு அப்பா சொன்னாரு." கொஞ்சம் யோசித்தது. "அப்ப சித்தியா?"

கண்ணாடிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். நானாவது விட்டுக்கொடுத்திருக்கலாம். நான்தான் பிடித்த பிடியை விடாதவள் ஆயிற்றே!

"சித்தி நான்தான். எல்லாருக்கும் ஒரே ஒரு சித்திதான் இருக்க முடியும்" என்றேன்.

"அப்ப சரி" என்றது சின்னது. அதன் முகம் தெளிந்துவிட்டது. "நீ சித்தி. இவங்க அம்மா."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அது இதுதான். என் பேரைக் காப்பாற்றிக்கொள்ளப் போய் என் அக்காவின் பேரை என் வாயாலேயே தாரை வார்த்துவிட்டேன்.

"இல்ல!" என்று கத்திக்கொண்டு பெரியவன் தங்கையைப் பிடித்துத் தள்ளினான். அது சரளைக்கல்லில் விழுந்து வீறிட்டது. அவன் ஓடிப்போய் வெண்கலப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவன் கை மட்டும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. சிலை சுட்டிருக்கும். அவன் கையை எடுக்கவில்லை.

கண்ணாடிக்காரி சின்னதைத் தூக்கி முழங்காலைத் துடைத்தாள். "அப்படிச் சொல்லக் கூடாதும்மா. நான் அம்மா இல்ல. உங்க அம்மா உங்க அம்மாதான்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் பேர் எதுவும் கேக்கலீங்க" என்றாள். "கூப்பிடாமலே இருந்தாக்கூடப் பரவாயில்ல."

அவள் நல்லவள். அது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. தெரிந்ததனால்தான் அவ்வளவு கோபம்.

பெரியவனின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னது ஒரு மாசம் இவளை அம்மா என்று கூப்பிட்டால் போதும். அப்புறம் பழகிவிடும். எதிர்வீடு, பள்ளிக்கூடம், எல்லாருக்கும் பழகிவிடும். இந்தப் பையன் ஒருத்தன் மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பான். அவனும் எத்தனை நாளைக்கு நிற்பான்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தரையில் உட்கார்ந்து சின்னதை என் பக்கம் திருப்பினேன்.

"கண்ணு, சித்தி தப்பா சொல்லிட்டேன். இவங்கதான் சித்தி."

கண்ணாடிக்காரி, "வேணாங்க" என்றாள் மெதுவாக.

"இருக்கட்டும். வச்சுக்கோங்க" என்றேன். ஏதோ கைமாற்றுப் பாத்திரம் கொடுப்பதுபோல் சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தேன்.

சின்னது விசும்பலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. கையை நீட்டி என் மூக்கை, கன்னத்தை, நனைந்திருந்த கண்ணை எல்லாம் தொட்டுத் தடவியது.

"அப்ப நீ யாரு?"

இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று நினைத்ததே இல்லை.

"நான்... உங்கம்மாவோட தங்கச்சி."

பெரியவன் சிலைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான்.

"தங்கச்சி" என்று சொல்லிப் பார்த்தது சின்னது. அந்தச் சொல் அதற்குப் பிடித்துவிட்டது. அடிபட்ட முழங்காலைக் காட்டி, இரண்டு கையையும் உயர்த்தி, "தங்கச்சி, தூக்கு" என்றது.

அக்கா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. திட்டுவதானாலும் தங்கச்சி, கொஞ்சுவதானாலும் தங்கச்சி. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தண்ணீர் கேட்டபோதும் அப்படித்தான் கூப்பிட்டாள். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட ஆளும் இல்லை.

"தங்கச்சி!" என்றது சின்னது மறுபடியும், பொறுமை இல்லாமல்.

"இதோ வரேன்க்கா" என்றேன்.