பாய் மேல் போட்ட மழைக்கோட்டு

அன்று கூட்ட வீட்டில் இருந்தவர்களையும் அவர்கள் உட்கார்ந்த இடங்களையும் முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் வைதோலு ஊரில் யார் எந்தத் தூணில் முதுகு சாய்த்திருந்தார் என்று சொன்னாலே பாதி விஷயம் சொன்ன மாதிரி.

கிழக்கு முனையின் நடுத் தூணில் பெருந்தலைவர் துயிலேபா. கடலைப் பார்த்த முன்பக்கத்தின் நடுத் தூணில் ஊர்ப் பேச்சாளர் மௌகா, பேச்சாளருக்கு அடையாளமான தேங்காய்நார்ச் சவுரியைத் தோளில் போட்டுக்கொண்டு. மேற்கு முனையில் இரண்டு குடும்பங்களின் மூத்தவர்கள். அவர்கள் பெரும்பாலும் தலையாட்டுகிறவர்கள். மௌகாவுக்கு அடுத்த தூண் காலி. அது படகோட்டி கலெபோவின் குடும்பத்துத் தூண். அதில் சாய வேண்டிய அவனுடைய பெரியப்பா ஃபெலேயா வெளியே சரளைக்கல் தரையில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. பின்பக்கம், கூட்டத்தில் குடிக்கும் காவா பானம் கலக்குமிடத்துக்குப் பக்கத்தில், நான் எசெத்தா. மாதர் சங்கத்துக்கு எழுதுகிறவள். தீவின் தபால் பையைத் துறைக்குக் கொண்டுபோகிறவளும் நான்தான்.

வீட்டின் நடுவே, யாரும் உட்காராத இடத்தில், ஒரு பச்சை மழைக்கோட்டு கிடந்தது. அதன் ஒரு பையில் இன்னும் ஈரம் இருந்தது.

தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான். கலெபோ இந்தத் தீவில் இருக்கலாமா, அல்லது பெண்டாட்டி மாதலேனாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டுமா.

கோட்டுக்குச் சொந்தக்காரர் வாலஸ். நியூசிலாந்தில் டிமாருக்காரர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி பெயர் எட்னா. குளிராத கடலில் ஒரு தடவையாவது கால் வைக்க வேண்டும் என்று இளவயதிலேயே பேசிவைத்திருந்தார்களாம். முடி நரைத்த பிறகுதான் கிளம்ப முடிந்தது. ரரோதொங்கா, தொங்கா, சவாயீ என்று தீவு தீவாக இறங்கி ஏறி எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். துயிலேபாவின் விருந்து வீட்டில் தங்கினார்கள், சாப்பாடு என் பொறுப்பு. அந்த அம்மாள் சேம்பிலையைத் தேங்காய்ப்பாலோடு ரசித்துச் சாப்பிடுவாள். அவர் கிழங்கை முள்கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு, ரயிலுக்கு அடியில் போடும் கட்டை மாதிரி இருக்கிறது என்பார், ஆனால் மிச்சம் வைக்கமாட்டார்.

வாலஸுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு தீவிலிருந்தும் தன் சொந்த வீட்டு விலாசத்துக்கே ஒரு தபாலட்டை போடுவார். திரும்பிப் போய்க் கதவைத் திறக்கும்போது தங்களுக்காகக் கடிதங்கள் காத்துக் கிடக்க வேண்டுமாம். எங்கள் தீவிலிருந்து போட்ட அட்டையை என் கையில்தான் கொடுத்தார். அட்டைக்கு உறை கிடையாதே, படித்துவிட்டேன். "அன்புள்ள வாலஸ், எட்னா, வீட்டில் சுகந்தானே? இங்கே இன்னும் ஒரே ஒரு தீவு பாக்கி" என்று எழுதியிருந்தார்.

பாக்கி இருந்தது, பவளப்பாறை வரிசைக்கு வெளியே உள்ள பறவைத் திட்டு. மணலும் முட்டையும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. ஆனால் வரைபடத்தில் அதற்கு ஒரு புள்ளி இருந்தது. அது போதும் அவருக்கு. கலெபோ அவரைத் தீவு தின்னி என்று கேலி செய்வான். "சாப்பாட்டுக்கு மேல அய்யாவுக்கு ஒரு தீவு வேணும், எசெத்தாக்கா. நீங்க கிழங்கக் கொறச்சே வையுங்க" என்பான். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னால் வாலஸ் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

அன்று காலையில் உள்கடல் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. வெளியே, பாறை வரிசைக்கு அப்பால், அலை நீளமாகச் சத்தமில்லாமல் எழும்பி வந்துகொண்டிருந்தது. மாதலேனா அதைப் பார்த்துப் புருஷனிடம் சொன்னாள். அவனுக்கும் தெரிந்தே இருந்தது. வாலஸ் வந்து, போகலாமா என்று கேட்டார். எங்களுக்கு விருந்தாளியிடம் முடியாது என்று சொல்ல நாக்கு எழாது. பார்க்கலாம் என்போம், சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம் என்போம். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துத் தானாகவே பின்வாங்க வேண்டும். அதுதான் இங்கே மரியாதை. கலெபோவும் பார்க்கலாம் என்றான். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, மணலில் கிடந்த படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏறி உட்கார்ந்த விருந்தாளியை இறங்கச் சொல்வது அவரை வீட்டைவிட்டுத் துரத்துவதற்குச் சமம். கலெபோ படகைத் தள்ளினான்.

எட்னா போகவில்லை. வெயிலில் தோள் வெந்து போயிருந்ததால் நிழலில் இருந்துகொண்டு கையை ஆட்டினாள்.

பாறை வரிசையின் வாய்க்குள் போகும்போது மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்து அது நின்றது. அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்தது. கலெபோ அவருடைய தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு பாறையில் கை கிழியக் கிழிய நீந்திக் கரைக்குக் கொண்டுவந்தான். கொண்டுவந்தபோது உயிர் இல்லை. எட்னா மணலில் மண்டியிட்டுப் புருஷனுடைய காதில் இருந்த மணலை விரலால் துடைத்தாள். பிறகு ரத்தம் வடியும் கலெபோவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, விடாமல் தூக்கி வந்தாயே, நன்றி என்றாள். அவள் திட்டியிருந்தால் அவன் நின்றிருப்பான். நன்றி என்றதும் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் போலீஸ் படகு வந்தது. அம்மாளுக்குத் தாதி தூக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்தாள். காலையில் வரட்டும் என்றார்கள். பிணத்தைத் தனியாக அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆங்கிலம் எழுதத் தெரிந்தவள் என்று நான் கூடப் போனேன். தலைநகர் ஆப்பியாவின் ஆஸ்பத்திரியில் பிண அறை வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

நான் இல்லாதபோது ஊரில் நடந்தது இது. விடிவதற்கு முன்பே கலெபோவும் ஃபெலேயாவும் மற்ற உறவினர்களும் விருந்து வீட்டு முற்றத்துக்குப் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்தார்கள். குடும்பத்தின் குலப்பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஓர் உயிருக்குப் பதில் சொல்லும் முறை அதுதான். இழந்தவர் வெளியே வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் பாய்க்கடியில் இருப்பவர்களை என்ன செய்தாலும் கேட்பாரில்லை. உட்கார்ந்தவர்கள் பேசக்கூடாது. வேறு யாரும் போய், அம்மா, பாயை எடுங்கள் என்று சொல்லவும் கூடாது. கேட்டு வாங்கினால் அது மன்னிப்பு ஆகாது.

மழை பிடித்துக்கொண்டது. எட்னா ஓலைத் தட்டியைத் தூக்கி வெகுநேரம் பார்த்தாளாம். பிறகு வாலஸின் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். பாயின் மேல் கோட்டைப் போட்டாள், ஓரங்களை இழுத்துச் சரி செய்தாள், அவர்களைச் சுற்றிக்கொண்டு துறைக்குப் போய்விட்டாள்.

பாய் எடுக்கப்படவில்லை. அதன் மேல் இன்னொன்று ஏறிவிட்டது.

இதற்கு என்ன பொருள் என்று ஊர் தலையைப் பிய்த்துக்கொண்டது. கூட்டத்தில் மௌகா கோட்டைச் சவுரியால் தொட்டுக் காட்டி, பாட்டன் காலத்திலும் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை என்றார். மேற்கு முனை மூத்தவர் ஒருவர், பிணத்தின் மேல் துணி போடுவதுபோலப் போட்டிருக்கிறாள், நீ செத்தவன் என்று சொல்லிவிட்டாள் என்றார். தலையாட்டுகிறவர் வாயைத் திறந்தால் அப்படித்தான். வெளியே ஃபெலேயாவின் தலை இன்னும் தாழ்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரிக்கு எட்னா வந்தபோது தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. குளிருகிறதா என்று கேட்டேன். "உங்க ஊர்க்காரங்க விடியுமுன்னயே எங்க வாசல்ல வந்து அவருக்காக ஜெபம் பண்ணிட்டு உக்காந்திருந்தாங்க. நல்ல மழை. கலைக்க மனசு வரல. அவர் கோட்டைப் போத்திட்டு வந்துட்டேன்" என்றாள். ஊர்ப் பாடகர் குழுவைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே விமானத்தில் அவளும் சவப்பெட்டியும் போய்விட்டார்கள்.

கூட்டத்தில் அனுமதி கேட்டு இதைச் சொன்னேன். காவாக் கிண்ணம் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு துயிலேபா மூச்சை விட்டு, நல்ல மனுஷி, நம் வழக்கம் தெரியாமல் செய்தாலும் மனசு அதுதானே, பாயை எடுத்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்றார். மௌகாவும் ஒப்புக்கொண்டு, உள்ளே வந்து தூணில் சாயும்படி ஃபெலேயாவைக் கூப்பிட்டார்.

ஃபெலேயா எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பின்னால் கலெபோ நின்றிருந்தான். எப்போது வந்தானோ தெரியாது. கையில் கட்டு. உள்ளே வந்தவன் பாய் விரிக்காத ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"அந்தம்மா எனக்கு நன்றி சொல்லுச்சு, ஐயா. கடல் கெட்டிருக்குன்னு தெரிஞ்சேதான் நான் படகத் தள்ளுனேன். அது அந்தம்மாவுக்குத் தெரியாது. தெரியாம போத்துன கோட்டு எனக்கு எதுக்கு?"

"தெரிஞ்சா சபிக்கும்டா" என்றார் மௌகா.

"சபிக்கட்டும். யாரைச் சபிக்கிறோம்னு தெரிஞ்சு சபிக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆண்கள் பேசும்போது பின்பக்கம் இருப்பவள் குறுக்கிடக்கூடாதுதான், ஆனாலும் சொன்னேன். "அந்தம்மா இப்ப அவங்க ஊர்க் குளிர்ல தனியா உக்காந்து கடலைத் திட்டிட்டிருக்கும், தம்பி. கடலுக்கு வலிக்காது, அதுக்கும் கொஞ்சம் ஆறும். நீ போய் உன் பேரைச் சொன்னா, அதுக்கு அவரு ரெண்டாவது தடவை செத்த மாதிரி. உன் மனசு லேசாகறதுக்கு அது அழணுமா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டே, மனசு லேசாகும் என்று யார் சொன்னது, அக்கா, என்று மட்டும் கேட்டான்.

வெளியேயிருந்து ஃபெலேயா, பையன் சொல்கிறபடி எழுதுங்கள், நான் கல்லிலேயே இருக்கிறேன் என்றார்.

துயிலேபா தீர்ப்புச் சொன்னார். கடிதம் போகட்டும். அதுவரை கலெபோ தீவில் இருக்கலாம், ஆனால் கடலில் இறங்கக்கூடாது. அக்டோபரில் வரும் வெள்ளை ஞாயிறு திருநாளுக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதிலில் மன்னிப்பு இல்லாவிட்டாலும், குடும்பம் கிளம்ப வேண்டும். கோட்டு அந்தக் காலித் தூணில் தொங்கட்டும். மௌகா எழுந்து தன் கையாலேயே அதை மாட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சாய்ந்து நிற்பதுபோல இருந்தது.

விலாசம் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். வாலஸின் அட்டையில் படித்ததுதான்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுதக் கலெபோவுக்கு நம் பேச்சில் வாசித்துக் காட்டினேன். முதலில் துக்கம் விசாரித்தேன். அடுத்து பாய் என்றால் என்ன, ஏன் யாரும் அவளிடம் சொல்லவில்லை என்பதை எழுதினேன். அதற்குப் பிறகு அலை. இவனுக்குத் தெரியும் என்பதை ஒரே வரியில், சுற்றி வளைக்காமல். அடுத்த வரியில், உங்கள் கணவர் தாமாகவே படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்று எழுதியிருந்தேன். அதை வாசித்ததும் கையை நீட்டித் தடுத்தான்.

"அத அடிங்க அக்கா. செத்தவர் மேல பழி போட்டு நான் வீட்ல இருக்க வேணாம்."

அடித்தேன். அடித்தது தெரியக்கூடாது என்று புதிய தாளில் திரும்ப எழுதினேன். எப்போதும் அடித்தல் இல்லாமல் எழுதும்படிதான் எங்கள் பள்ளியில் பழக்கியிருந்தார்கள். அன்று அந்தச் சுத்தமான தாளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தீவு பாக்கி என்ற அட்டை முந்தின தபால் பையிலேயே போய்விட்டது. இந்நேரம் அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் விழுந்திருக்கும். நான் எழுதாததை அவர் கையெழுத்திலேயே அவள் படித்திருப்பாள். இதைக் கலெபோவிடம் நான் சொல்லவில்லை.

கடைசியில், பாயை எடுத்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று எழுதினேன். எழுத மனமில்லாவிட்டால் எழுத வேண்டாம், அதற்கும் இங்கே யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள் என்றும் சேர்த்தேன். கலெபோ அந்த இரண்டாவது வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். தலையை அசைத்தான். கையெழுத்துப் போடும் இடத்தில், கட்டுப் போட்ட கையால், பெயரை முழுசாக எழுதினான்.

எங்கள் ஈரக்காற்றில் உறைப் பசை நிற்காது. மாதலேனா போய்ச் சீமைப்பலா மரத்தைக் கீறி, குச்சி நுனியில் பால் எடுத்து வந்தாள். அவள்தான் தடவினாள். கூட்டம் முழுக்க வெளியே நின்றவள், உறையின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, காய்ந்த பிறகும் விரலை எடுக்காமல் நின்றாள். நான்தான் மெதுவாக வாங்கிப் பையில் போட்டேன்.

தபால் படகு கலெபோவினுடையதாக இருந்தது. இப்போது பக்கத்து ஊர்க்காரன் வந்து எடுத்துப் போகிறான். துறைவரை கலெபோ என் பின்னால் வந்தான். தண்ணீர் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டான். நான் முழங்கால் அளவுக்கு இறங்கிப் பையைப் படகில் வைத்தேன். படகுக்காரன் கனம் பார்த்து, என்னக்கா, ஒரே ஒரு கடிதாசியா என்று கேட்டான். ஆமாம், நனையாமல் கொண்டுபோ என்றேன். அவன் தன் சட்டையைக் கழற்றிப் பையின் மேல் போட்டுவிட்டு மோட்டாரை இழுத்தான்.