ஒட்டாது என்று ஒரு சான்றிதழ்

எங்கள் ஊரில் தோலில் அரிப்பும் வெடிப்புமாகக் கரப்பான் வந்தவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும். தான் எந்த வகை என்பதைக் கரப்பானே வாய் திறந்து சொல்லும், நான் எழுதிக்கொள்வேன். பதினோரு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். சுகமான வேலை.

பரம்பரைக் கரப்பான்கள் முழங்கை மடிப்பிலிருந்து பேசும்; இளைப்பையும் தும்மலையும் துணைக்கு அழைத்து வரும். வட்டக் கரப்பான்களுக்குத் தங்கள் வட்டத்தில் கொஞ்சம் கர்வம். நரம்பு புடைத்த கால்களில் வரும் கணுக்கால் கரப்பான்கள் உட்கார்ந்துதான் பேசும். பலகையில் 'கரப்பான் பதிவு' என்று மட்டும் எழுதியிருப்பதால் கரப்பான் பூச்சிகளும் டோக்கன் வாங்கி வரிசையில் நிற்கின்றன. மனிதர்களைப் போல முண்டியடிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை பூங்கோதை வந்தார். அழகு நிலையத்தில் முடி வெட்டுபவர். இரண்டு கைகளும் சிவந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தன.

"ஏனுங்க சார், இது ஒட்டாதுன்னு எழுதி வாங்கிட்டு வந்தாத்தான் திங்கக்கிழமை கத்தரிக்கோலத் தொட விடுவாங்களாம். வர்றவங்க எங்கிட்டத் தலையக் குடுக்கவே பயப்படறாங்க."

"நீங்க எந்த வகைங்க?" என்று கரப்பானைக் கேட்டேன். அது வாயே திறக்கவில்லை. வகை தெரியாமல் சான்றிதழ் தர முடியாது. பூங்கோதை அழ ஆரம்பித்தார். எனக்கு அந்தக் கரப்பான் மேல் கோபம் வந்தது. ஒருத்தியின் பிழைப்பு போகிறது, இதற்கு என்ன வீம்பு?

பின்னால் நின்ற கரப்பான் பூச்சி மீசையைத் தூக்கியது. "நான் அந்தக் கடையிலதானுங்க குடியிருக்கேன். புதுத் தலைச்சாயம் வாங்குன மறுவாரந்தான் இந்தப் புள்ளைக்கு அரிப்பு வந்துச்சு. லீவு போட்டா ஆறுது. கடைக்கு வந்தா மறுபடி வந்துருது."

"தொடு கரப்பானுங்க," என்றது கரப்பான் மெதுவாக. "பேர்லயே தொடுன்னு இருக்குதுங்களா, தொட்டா ஒட்டிக்கும்னு நெனச்சுக்குவாங்க. அதான் சொல்லல."

என் கோபம் போய்விட்டது. சாயத்தைத் தொட்டதால் வந்தாய், ஆளைத் தொட்டுப் பரவ மாட்டாய், இரண்டும் வேறு என்று அதற்கு எடுத்துச் சொன்னேன். 'தொடு கரப்பான். சாயம் போடும்போது கையுறை அணியவும். ஒட்டாது' என்று எழுதி முத்திரை வைத்தேன்.

அப்படி எழுதிவிட்டதால் காகிதம் பூங்கோதையின் கையில் ஒட்டவில்லை. ஒரு சாண் முன்னால் காற்றில் போனது. அவர் சிரித்துக்கொண்டே அதன் பின்னால் நடந்தார். பேருந்தில் அதற்கு ஜன்னலோர இடம் கிடைத்ததாம்.

திங்கட்கிழமை முதலாளியம்மா காகிதத்தைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். முடியாமல் பூங்கோதையின் வலது கையையே பிடித்துப் பார்த்தாராம். ஒட்டவில்லை. கைதான் கழன்று அவரிடம் வந்துவிட்டது. முடி வெட்டிக்கொள்ள வந்த பெண்கள் அதை ஆளுக்கு ஒரு முறை வாங்கிப் பிடித்துப் பார்த்தார்கள். பக்கத்துத் தையல் கடையில் கேட்டார்கள், பூக்கடையில் கேட்டார்கள். கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு நான்கு மணிக்குக் கை திரும்பி வந்தது. அதுவரை பூங்கோதை இடது கையால் வெட்டிக்கொண்டிருந்தார்.