இரண்டு பள்ளிக்கூடங்களில் ஒரு தக்காளி

1

ஒரே குழந்தையை ஒரே நாளில் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பி, இரண்டிலும் முதல் பரிசு வாங்கவைத்த ஆள் இந்த அம்பத்தூர் வட்டாரத்தில், ஏன், பூமியின் மேலேயே நான் ஒருவன்தான். வண்டி ஓட்டியதும் நானே. ஆம்புலன்ஸ்கூட எனக்கு வழிவிட்டது.

[ராகவன்: ஆம்புலன்ஸை எடுக்கவும். மற்றதையும் எடுக்கலாம்.]

ராகவன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தினமும் காலையில் என்னோடு நடப்பவர். நான் எழுதும் எதையும் முதலில் வாங்கிப் படித்து, ஓரத்தில் பச்சை மையில் திருத்தம் போடுபவர். பொய்யே பேசாதவர் என்று மேனாம்பேடு முழுக்கப் பெயர். எனக்கும் ஒரு பெயர் உண்டு. அது வேறு மாதிரி. முப்பத்தோரு வருஷம் லேத் மெஷின் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றவன், பாக்கியை இப்போது பேசித் தீர்க்கிறான் என்பார்கள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் தேவிப்பிரியாவின் விவாகரத்து வழக்கிலிருந்து எடுத்தேன். அனுமதி கேட்டேன். "எழுதுங்க மாமா. அவனவன் என்னப் பத்தி கட்டுக்கட்டா எழுதிட்டான், நீங்க எழுதினா இன்னா" என்றாள். அவள் சொன்னது வக்கீல்களை. வரும் பத்தொன்பதாம் தேதிக்குள் இதை முடித்தாக வேண்டும். அன்றைக்குத்தான் நிஷா யாரிடம் என்பது தெரியும். நிஷா, அவளுடைய நாலரை வயது மகள்.

முதல் வாக்கியத்துக்கு மூன்று முயற்சிகள்:

மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் தேவிப்பிரியா — (பெய்யவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.)

இல்லறம் என்பது — (என் மனைவி பக்கத்து அறையில் இருக்கிறாள். இதோடு நிறுத்துகிறேன்.)

தேவிப்பிரியாவின் பையில் நாற்பத்தேழு ஜெராக்ஸ் இருந்தன. (இது இருக்கட்டும்.)

2

தேவிப்பிரியாவின் பையில் நாற்பத்தேழு ஜெராக்ஸ் இருந்தன. கோர்ட் கேட்டது எப்போதும் நாற்பத்தெட்டாவது. கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோனால் போட்டோ எங்கே என்றார்கள். போட்டோவைக் கொண்டுபோனால், மாலையோடு நிற்கிற படம் எதற்கு, தாலி கட்டுகிற படம் கொண்டா என்றார்கள். நிஷாவின் ஆதாரில் நசரத்பேட்டை முகவரி. மாற்றப்போனால் அப்பா கையெழுத்து வேண்டுமாம். அப்பா மேல்தான் வழக்கே. காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் மூன்றரைக்குப் பெயரைக் கூப்பிடுவார்கள். எதற்கு? அடுத்த வாய்தா எப்போது என்று சொல்வதற்கு. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. லீவுக்குக் காரணமாகச் சூப்பர்வைசரிடம் சொல்ல இனி எந்தச் சொந்தக்காரரும் பாக்கியில்லை, எல்லோரையும் சாகடித்தாகிவிட்டது.

குழந்தையைப் பற்றிய இடைக்கால உத்தரவு ரத்தினச் சுருக்கம். ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் அப்பாவிடம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திருவேற்காட்டில் ஒரு பேக்கரி வாசலில் கைமாற வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துக்கொள்வதில்லை என்பதால் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் என் வேலை.

எந்தப் பள்ளிக்கூடம் என்று உத்தரவில் இல்லை. ஆகவே இருவரும் சேர்த்துவிட்டார்கள். மேனாம்பேட்டில் ஒரு எல்.கே.ஜி., நசரத்பேட்டையில் ஒரு எல்.கே.ஜி. இங்கே காப்பிப்பொடி நிறச் சீருடை, அங்கே நீலம். இங்கே அவள் தே. நிஷா, அங்கே வி. நிஷா. எந்த வாரம் எந்த மிஸ்ஸுக்குக் குட்மார்னிங் என்பதைக் குழந்தை காலண்டர் பார்க்காமலே சொல்லும்.

[ராகவன்: அரசுக் கணினியில் ஒரு பிள்ளைக்கு ஒரே எண்தான். இரண்டு பள்ளியில் ஏறவே ஏறாது.]

ஏறவில்லைதான் வாத்தியாரே. "எல்.கே.ஜி.தானே, அப்புறம் ஏத்திக்கலாம்" என்று நசரத்பேட்டையில் நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

3

விஜய் — (இவன்தான் கணவன். நெடுஞ்சாலை ஓரக் கிடங்கு ஒன்றில் பளுதூக்கும் வண்டி ஓட்டுகிறான். முதல் வரைவில் இவனுக்கு முறுக்கு மீசையும் குடிப்பழக்கமும் கொடுத்திருந்தேன். தேவிப்பிரியா படித்துவிட்டு, "அவரு குடிக்கமாட்டாரு மாமா. குடிச்சிருந்தா வக்கீலுக்காவது வேல சுளுவா இருந்திருக்கும்" என்றாள். இரண்டையும் பிடுங்கிவிட்டேன். இப்போது இவனைத் திட்டி எழுதப் பிடி கிடைக்கவில்லை.)

குழந்தைகள் தினம் தேவிப்பிரியாவின் வாரத்தில் வந்தது. முந்தின நாள் விஜய் போன் செய்தான். ஆறு மாதத்தில் முதல் போன். அவள் என்னை மேலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாளைக்கு இங்கயும் மாறுவேசம் கீது. பாப்பாவுக்கு போலீஸ் டிரெஸ் வாடகைக்கு எடுத்துட்டேன். மிஸ்ஸு பேரு போட்டுட்டாங்க."

"இது என் வாரம்."

"தெரியும். ஒரு மணி நேரம்தான், அனுப்பி உடு."

"அனுப்பினா திரும்பி வருமா?"

"மேல்வீட்டு நைனாவே இட்டுகினு வரட்டும். அவரே இட்டுகினு போவட்டும்" என்றான்.

உத்தரவில் உள்ளதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கொடுக்காதீர்கள் என்று வக்கீல் கிருஷ்ணப்பிரியா அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தேவிப்பிரியா கூடத்தைப் பார்த்தாள். கம்பெனியில் கழித்துப்போட்ட துணியில் பதினோரு நாள் தைத்த தக்காளி உடைக்குள் நின்றுகொண்டு நிஷா இரண்டு பள்ளிப் பாட்டுகளையும் மாற்றிமாற்றிப் பாடிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மணிக்குள்ள வந்துடணும்" என்றாள் போனில்.

(அவள் ஏன் ஒத்துக்கொண்டாள் என்று ஒரு பக்கம் மனத்தத்துவம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அனுப்பாவிட்டால் குழந்தை அழும். அவ்வளவுதான் காரணம்.)

மறுநாள் காலை மேனாம்பேட்டில் தக்காளிக்கு முதல் பரிசு. பத்தரைக்கு என் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் தக்காளியை முன்னால் நிறுத்திக்கொண்டு கிளம்பினேன். எதிரே ரோடு தெரியவில்லை, தக்காளிதான் தெரிந்தது. பூந்தமல்லியில் டிராபிக் போலீஸ் கைகாட்டி நிறுத்தினார்.

"இன்னா நைனா, லோடு ஏத்தினு போறியா?"

"மாறுவேசம் சார். குழந்தை உள்ள கீது."

"கிலோ எம்பது ரூபா விக்குது. ஓரமா போ, எவனாவது புடுங்கிக்கப்போறான்."

அதற்கப்புறம் சைரன் போட்டபடி பின்னால் ஒரு — (சரி, எடுத்துவிட்டேன்.)

நசரத்பேட்டையில் நிஷா போலீஸ் உடையைத் தொடக்கூட இல்லை. அங்கேயும் தக்காளிதான். அங்கேயும் முதல் பரிசு. சிறப்பு விருந்தினர் மைக்கை நீட்டி "நீ யாரும்மா?" என்று கேட்க, "காலைல அம்மா ஸ்கூல்ல தக்காளி. இப்ப அப்பா ஸ்கூல்ல தக்காளி" என்றாள். பந்தலே சிரித்தது. விருந்தினரும் சிரித்தார்.

[ராகவன்: இந்தப் பத்தி தேவையில்லை. கதையின் வேகம் குறைகிறது.]

வரும் வழியில் வண்டி பஞ்சர். நான் வீடு சேர்ந்தபோது மணி மூன்றே கால். தேவிப்பிரியா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று நான் கேட்கவில்லை. கம்பியின் துரு உள்ளங்கையில் படிந்திருந்தது. தக்காளியோடு சேர்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

4

அடுத்த வாய்தாவில் இரண்டு வக்கீல்களும் பள்ளிச் சான்றிதழ் தாக்கல் செய்தார்கள். நவம்பர் பதினான்கு, நிஷா முழு நாள் வருகை என்று ஒன்று சொன்னது. நவம்பர் பதினான்கு, நிஷா முழு நாள் வருகை என்று இன்னொன்றும் சொன்னது.

"அம்மா கொடுத்திருப்பது பொய்ச் சான்றிதழ். அவருடைய வாரத்திலேயே குழந்தை எங்களிடம்தான் இருந்தது. இதுதான் அவர் பார்த்துக்கொள்ளும் லட்சணம்" என்றார் விஜயின் வக்கீல்.

கிருஷ்ணப்பிரியா காலை விழாவின் போட்டோவை நீட்டினார். தேவிப்பிரியா உடையில் முகத்துக்கு வெட்டிய ஓட்டை சின்னதாகிப் போனதால் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"கனம் கோர்ட்டார் அவர்களே, இந்தத் தக்காளிக்குள் இருப்பது யார்?" என்று எழுந்தார் விஜயின் வக்கீல்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு சொன்னார்: பத்தொன்பதாம் தேதி. நவம்பர் பதினான்கு காலையில் குழந்தை மேனாம்பேட்டுப் பள்ளியில்தான் இருந்தது என்று அன்றைக்கு அம்மா காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குழந்தை முழுக்க அப்பாவிடம். அம்மாவுக்குச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம்.

நல்லதற்கு விட்ட ஒரு மணி நேரம் அவளுக்கு இப்படித் திரும்பி வந்தது.

பள்ளிகள் இரண்டும் கழன்றுகொண்டன. ஒரு பிள்ளையை இரண்டு இடத்தில் சேர்த்த கதை வெளியே வந்தால் அவர்களுக்கு வம்பு. தேவிப்பிரியா கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடையில் விஜயை மடக்கினாள்.

"பரிசு டப்பாவ பாப்பா உன் கையிலதானே குடுத்துச்சு. காலைல மேனாம்பேட்டு ஸ்கூல்ல இருந்துட்டு வந்துச்சுன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும். வக்கீலு வாயத் தொறக்காதன்றாரு. தொறந்தா கேஸு பூடுமாம்."

"உனக்கு கேஸு வேணுமா, பாப்பா வேணுமா?"

அவன் தரையைப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணுதான்றாங்க" என்றான்.

நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். கிருஷ்ணப்பிரியா நொந்துபோய்ச் சிரித்தார். "சார், நீங்க மேல் வீட்டுக்காரர். அதுகூடப் பரவால்ல. வெள்ளத்தப்போ ஒரு எருமையத் தோள்ல தூக்கிட்டு நீந்தினேன்னு போன வாரம்தான் எங்கிட்ட சொன்னீங்க. குறுக்கு விசாரணைல கிழிச்சுடுவாங்க. ரெண்டு பக்கமும் சேராத ஆள் வேணும். சொன்னா நம்பற மாதிரி ஆள்."

எழுபது வருஷத்தில் முதல் தடவையாக உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். வாங்கிக்கொள்ள ஆளில்லை.

5

முடிவுகள் கைவசம் மூன்று.

(அ) விஜய் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். [ராகவன்: சினிமா.] ஒத்துக்கொள்கிறேன்.

(ஆ) நீதிபதி நிஷாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, யாரிடம் இருக்க ஆசை என்று கேட்கிறார். நிஷா — (இதை எழுதமாட்டேன். நாலரை வயதிடம் அந்தக் கேள்வியை என் கதையில் யாரும் கேட்கக் கூடாது.)

(இ) யாருமே வரவில்லை. ஞாயிறு ஐந்து மணிக்குப் பேக்கரி வாசலில் குழந்தையைக் கொடுத்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்புகிறேன். கீழ்வீட்டில் விளக்கு —

தீர்ப்பு என் வேலையில்லை. வேண்டியவர்கள் வேண்டியபடி எழுதிக்கொள்ளலாம், கீழே இடம் விட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கதையை உங்களுக்காக எழுதவில்லை. ஒரே ஒரு வாசகருக்காக எழுதினேன்.

அன்றைக்கு நசரத்பேட்டை மேடையில் யார் இருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் நேரில் பத்து முறை கேட்டாயிற்று. "கோர்ட் படி மிதிக்காதவன்யா நான்" என்று முதலில் நழுவினார். பிறகு, அப்படி ஒன்று நடந்ததாகவே தான் நம்பவில்லை என்று ஆரம்பித்தார். நம்பாமல் இருப்பது பொய்யில் சேராது என்பது அவருடைய கணக்கு. மனிதர் எதைத் தவிர்த்தாலும் ஒன்றைத் தவிர்க்கமாட்டார். தப்பான வாக்கியத்தைக் கண்டால் கை தானாகப் பேனாவைத் திறக்கும்.

நேற்று ஒரு புதுப் பத்தி எழுதிக் கொடுத்தேன்:

காலை ஒன்பது மணிக்கு நசரத்பேட்டை மேடையில் தக்காளிக்கு வெள்ளிக் கோப்பை பரிசளித்த சிறப்பு விருந்தினர் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர்.

[ராகவன்: ஒன்பது அல்ல, பன்னிரண்டு பத்து. கோப்பை அல்ல, கலர் பென்சில் டப்பா. இன்ஸ்பெக்டர் அல்ல.]

எழுதி முடித்தபிறகுதான் தான் எழுதியதைப் படித்தார். பேனா மூடியைத் தேடினார். அது அவர் இடது கையிலேயே இருந்தது.

"இன்ஸ்பெக்டர் இல்லன்னா யாரு வாத்தியாரே?"

கீழே நிஷா யாரிடமோ மழலையில் சண்டை போடுவது மேலே வரைக்கும் கேட்டது. அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பத்தொன்பதாம் தேதி எத்தன மணிக்குப்பா போகணும்?"

"பத்து."

"அந்தப் பொண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லு. டப்பாவக் குடுத்தது நான்தான். பாப்பா மைக்ல சொன்னதையும் கேட்டேன். நடந்துச்சுய்யா."