தார்ப்பாயின் கீழே பன்னிரண்டு மாதம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏர்க்காட்டிலிருந்து நாகலூர் போகும் பஸ்ஸில் இருந்தேன். நல்ல மழை. ஒரு பள்ளி வாசலில் காக்கிச் சட்டைப் பெரியவர் ஒருவர், தான் நனைந்துகொண்டே மூன்று இரும்புத் தகடுகளைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார். பஸ் வளைவில் திரும்பிவிட்டது. பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: 'சேர்வராயன் மலையில் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில்...' சுற்றுலாக் கையேட்டில் இதைவிட நன்றாகவே எழுதுவார்கள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'இன்பமேரி சேலத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சிற்பி. இதுவரை செய்தவை கல்யாண மண்டபத்து யானைகள், ஜவுளிக்கடை வாசல் மயில். தன் பெயர் பொறித்த சிற்பம் ஒன்றுகூட இல்லை.' இது இருக்கட்டும்.

பள்ளி நுழைவாயிலுக்கு அவள் வரைந்தது, பன்னிரண்டடி உயரத்தில் பாதி திறந்த ஒரு கதவு. பிள்ளைகள் அதன் வழியாக உள்ளே போகவேண்டும். தாளாளர் விஜயகுமார் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, இது தொறக்குதா, சாத்துதா? பெத்தவங்க கேப்பாங்கல்ல?"

"தொறக்குதுங்க சார்."

"சரி, நூறு வருசம் நிக்குமா?"

அவள் மனதில் வைத்திருந்தது ஒரு வகை எஃகு. மேலே படியும் துருவே தோலாகி, உள்ளே அரிக்க விடாது. ஒரே நிபந்தனை, மழைக்கும் மழைக்கும் நடுவே அது காயவேண்டும். ஏர்க்காட்டுப் பனிமூட்டத்தில் எதுதான் காய்கிறது?* ஆகவே ஓர் ஏற்பாடு. தட்டையாக ஒன்று, வளைத்து ஒன்று, வெல்டிங் ஒட்டோடு ஒன்று என மூன்று தகடுகளை ஒரு வருடம் வாசலில் வெட்டவெளியில் நிறுத்துவது. தாங்கினால் கதவு. தாங்காவிட்டால், சேலத்துக் கடையில் தயாராக நிற்கும் ஃபைபர் குத்துவிளக்கும் விரித்த புத்தகமும்.

* மூன்று நாள் முன்பு துவைத்த என் சட்டை இன்னும் ஈரம். இதை ஆய்வுக் குறிப்பாகக் கொள்ளவும்.

3

காவலாளி அங்கப்பனை எழுதும்போது தயங்கினேன். இத்தனை நல்லவரைக் கதைக்குள் விட்டால் வாசகர் சந்தேகப்படுவார். ஒரு கெட்ட பழக்கம் இருக்கட்டுமென்று பீடி கொடுத்தேன். (பள்ளி வாசலில் பீடியா? பிடுங்கிக்கொண்டேன்.)

பக்கத்து மலைக்கிராமமான தலைச்சோலைக்காரர். இங்கே வருமுன் இருபத்தெட்டு வருடம் எஸ்டேட்டில் காப்பிக் களம் காத்தவர். காயப்போட்ட கொட்டைமேல் மழை விழுந்தால் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வாயிலிருந்து என்ன விழும் என்பதை அறிந்தவர். மேகம் இறங்கினால், யோசனைக்கு முன்னால் கை தார்ப்பாயைத் தேடும்.

வருடம் ஓடியது. இன்பமேரி வெயில் நாட்களாகப் பார்த்து வந்தபோதெல்லாம் தகடுகள் சீராகச் சிவந்திருந்தன. ஒரு செதில்கூட உதிரவில்லை. 'இந்த மலையில் இந்த எஃகு தாங்கும்' என்று அறிக்கை தயாராகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி. அதைப் பார்த்து முடிவெடுக்கப் பள்ளியின் அறங்காவலர்கள் இன்று பதினொரு மணிக்கு வருகிறார்கள். அவள் ஒன்பதரைக்கே, கொட்டும் மழையில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள்.

4

"அண்ணா! என்ன பண்றீங்க?"

"மழைங்கம்மா! நனைஞ்சுருமுங்க!" கயிற்றை இறுக்கியபடியே சொன்னார் அங்கப்பன்.

"நனையட்டும்னுதானுங்க வெச்சிருக்கு!"

"நல்லாருக்குதுங்க கதை. சாமான் நனையறத வேடிக்க பாக்கறதுக்கா எனக்குச் சம்பளம்?"

"எத்தன நாளா மூடறீங்க?"

"வெச்ச அன்னிலிருந்துங்க. பனி ஈரந்தவுர ஒரு சொட்டு மழ படலீங்க. நான் காச்சல்ல கெடந்தப்ப எம்பட ஊட்டுக்காரி பஸ்ஸேறி வந்து மூடிப்போட்டுப் போனா. நொம்பப் பொறுப்புங்க அவ." முகமெல்லாம் பெருமை. "வெயிலடிச்சா உடனே தொறந்துருவனுங்க. காயோணுமில்லீங்க?"

அந்த எஃகு இந்த மலையிடம் கேட்டது அது ஒன்றைத்தான். மலை தர மறுத்ததை இவர் வருடம் முழுக்கத் தந்திருக்கிறார். சோதனையில் தேறியது எஃகு அல்ல. (தேறியது யார் என்று எழுதப் போனேன். நிறுத்திக்கொண்டேன். எழுதினால் பள்ளி ஆண்டு மலரில் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.)

5

முதல் முடிவு: உண்மையைச் சொல்கிறாள். சோதனை செல்லாது. இன்னொரு வருடம் காத்திருக்கத் தாளாளருக்குப் பொறுமையில்லை. ஃபைபர் புத்தகம் லாரியில் ஏறி மலைக்கு வருகிறது. காரியத்தைக் கெடுத்தவர் என்று அங்கப்பனை வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள்.

இரண்டாம் முடிவு: கையெழுத்துப் போடுகிறாள். கதவு எழும்புகிறது, அடியில் அவள் பெயர். ஆனால் பன்னிரண்டடிக்குத் தார்ப்பாய் போர்த்த அங்கப்பனாலும் முடியாது. மூன்றோ நான்கோ மழைக்காலம் போகிறது. பனி வெல்டிங் ஒட்டுக்குள் இறங்கி அரிக்கிறது. ஒரு காலை, மணியடித்த பிறகு, அதன் கீழே ஓடிவரும் ஒரு பிள்ளை... இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

மூன்றாம் முடிவு: தார்ப்பாயையே சிற்பமாக... வேண்டாம். அது இலக்கியக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கும் முடிவு.

மணி பத்தே முக்கால். மழை விட்டிருக்கிறது, தார்ப்பாய் சுருண்டு கிடக்கிறது. அறிக்கை அவள் பையில். கீழ் வளைவில் அறங்காவலர்களின் கார் ஹாரன் அடிக்கிறது. மறுபடி மேகம் இறங்கி முதல் சொட்டுகள் விழுகின்றன. அங்கப்பனின் கை தார்ப்பாய்க்குப் போகிறது. அவள் முகத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்கும் ஏதோ உறுத்துகிறது. கை பாதியில் நிற்கிறது.

"ஏனுங்கம்மா, மூடட்டுங்களா, அப்படியே உட்றட்டுங்களா?"

அவளைப் பதில் சொல்லவைக்க மூன்று நாளாக முயன்று நான் தோற்றேன். இனி நீங்கள்தான் சொல்லவேண்டும். யோசித்தே சொல்லுங்கள், ஆனால் கொஞ்சம் சீக்கிரம். மனிதர் நனைந்துகொண்டிருக்கிறார்.