டபுள்ஸ்

எழுபத்தைந்தாம் வருஷம் ஜூன் மாதம் டொராண்டோவிலிருந்து பாரி என்கிற ஊர் வரைக்கும் அறுபது மைல் சைக்கிள் சவாரி நடக்கப்போகிறது என்று சர்ச்சில் முன்கூட்டியே அறிவித்தார்கள். ஓட்டுகிற ஒவ்வொரு மைலுக்கும் தெரிந்தவர்கள் இத்தனை சென்ட் தருவதாகக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். சேருகிற காசில் கால் விளங்காத பிள்ளைகளுக்குக் காலில் மாட்டி நடக்கிற இரும்புச் சட்டம் வாங்கித் தருவார்கள்.

அந்தச் சட்டங்களுக்குத் தோல் வார் தைக்கிற பட்டறையில்தான் வசுமதிக்கு வேலை. அவளுக்கே வலது கால் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப் போனது. ஊரில் யாரும் அவளுக்குச் சட்டம் மாட்டவில்லை. தொடையில் ஒரு கையை ஊன்றித்தான் நடப்பாள்.

"நானும் வருவேன்" என்றாள் புருஷனிடம்.

"வராம? டபுள்ஸ் அடிச்சிருவோம்" என்றான் தட்சிணாமூர்த்தி.

படிவத்தில் 'டபுள்' என்று ஒரு கட்டமே இருந்தது. யோசிக்காமல் டிக் போட்டான். கரூரில் எட்டு வருஷம் சைக்கிளில் அரிசி மூட்டை ஏற்றி மிதித்தவன். இங்கே இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் வேலை. "ரெண்டு மூட்டைய வச்சுக்கிட்டு மேடு ஏறுனவன் நான். நீ ஒரு மூட்டைக்கே காணமாட்ட" என்று சிரித்தான். கேரியரில் தலையணையைக் கட்டி, தினமும் வேலை விட்டு வந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு, தாங்கள் குடியிருந்த செயின்ட் ஜேம்ஸ் டவுன் கட்டடங்களைச் சுற்றினான். ஃபவுண்டரியில் பதினோரு பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டான்.

மூன்றாவது வாரம் ஷெர்போர்ன் தெருவில் மோகனசுந்தரம் எதிரே வந்தான். யாழ்ப்பாணத்துப் பையன், அதே கட்டடத்தில் குடியிருப்பவன், அவனும் சவாரிக்குப் பெயர் கொடுத்திருந்தான்.

"என்ன அண்ணை, அக்காவை ஏத்திக்கொண்டு சந்தைக்கோ?"

"பிராக்டிஸ் தம்பி. பாரிக்கு."

"கரியரிலயோ?" மோகன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான். "அண்ணை, உது சரிவராது. டபிள் எண்டு அவை போட்டது ரெண்டு சீற், ரெண்டு சோடி பெடல் உள்ள சைக்கிளை. ரெண்டு பேரும் மிதிக்கோணும். கரியரில ஆளை வைச்சு ஓட விடமாட்டினம்."

தட்சிணாமூர்த்தி தலையைச் சொறிந்தான். "அப்ப நான் மட்டும் போறேன். வழியில தண்ணி குடுக்குற எடத்துல இவ உக்காந்துக்கட்டும். என்ன புள்ள?"

வீட்டுக்குத் திரும்பினார்கள். லிஃப்டுக்குள் நுழைந்து கதவு மூடிய பிறகுதான் அவள் பேசினாள்.

"பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம்னா எல்லார் செருப்பையும் பாத்துக்கன்னு என்னை உக்கார வப்பாங்க. கல்யாணத்துக்குப் போனா எல்லார் பையும் என் மடியில. இங்க வந்து தண்ணி டம்ளரா?"

"அதுக்கில்ல புள்ள..."

"மூணு வாரமா உங்க முதுகத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். நீங்க சொன்ன மாதிரி மூட்டைதான்."

அவன் விளையாட்டாகச் சொன்ன சொல் அது. அவள் சேர்ந்து சிரிக்கத்தானே செய்தாள்?

மறுநாள் சர்ச்சுக்குப் போனான். பாதிரியார் வீட்டு கராஜில் தூசி படிந்த இரட்டைச் சைக்கிள் ஒன்று கிடந்தது. கேட்டதும் கொடுத்தார்கள். எண்ணெய் போட்டு, செயினை இறுக்கி, அவளைப் பின் சீட்டில் ஏற்றினான். இருபது அடி போகவில்லை. வலது பாதம் நழுவி, சுற்றி வந்த பெடல் முழங்காலுக்குக் கீழே அடித்துத் தோலை உரித்துவிட்டது.

வீட்டில் அந்தக் காலைத் தன் மடியில் வைத்து மருந்து போட்டான். மணிக்கட்டுப் பருமன்கூட இல்லாத கால். இரும்பு சுட்டுத் தழும்பேறிய கையால் அதைத் தொடவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"விட்டுரு புள்ள."

"அழுத்தித் தேயுங்க. ஒண்ணும் ஒடைஞ்சிராது" என்றாள்.

பட்டறையில் கழித்துப்போட்ட தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தாள். எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குதிகாலுக்கு ஒன்று, புறங்காலுக்கு ஒன்று என வார் தைத்துப் பெடலோடு பூட்டினாள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை விழுந்தார்கள். இரண்டு தடவையும் அவன் சைக்கிளைத் திட்டினான். அவள் அவனைத் திட்டினாள்.

மே கடைசி ஞாயிறு காலை. ரோஸ்டேல் பள்ளத்தாக்குச் சாலையில் கீழே இறங்கிப் போய்விட்டுத் திரும்ப மேடு ஏறிக்கொண்டிருந்தார்கள். இரு பக்கமும் மரம், ஆள் நடமாட்டம் இல்லை.

"என் கால் சும்மா சுத்துது. நீங்கதான் இழுக்குறீங்க."

"பாதி நீதான் புள்ள."

"பொய்."

பொய்தான். மொத்தப் பாரமும் தன் தொடையில் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அதில் அவனுக்குக் குறையும் இல்லை. அறுபது மைலையும் அப்படியே இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

"உங்க கால எடுங்க."

"மேடு புள்ள. சாஞ்சிரும்."

"சாஞ்சா சாயட்டும். எடுங்க."

பெடலிலிருந்து இரண்டு காலையும் எடுத்து அகட்டி நீட்டினான். பிரேக்கில் விரல் தயாராக இருந்தது. சைக்கிள் தளர்ந்தது, ஒரு ஆட்டம் ஆடியது. ஊன்றலாம் என்று நினைக்கையில் பின்னாலிருந்து ஒரு முக்கல் கேட்டது. அவள் இடது கால் மிதித்தது. வாரில் பூட்டிய வலது கால் அந்த வேகத்தில் சுற்றி மேலே வந்தது. மறுபடி இடது கால். அவள் பெடலோடு செயினில் பிணைந்த அவன் பெடல்கள் அவனுக்குக் கீழே ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

ஒரு விளக்குக் கம்பம் தாண்டியது. நடை வேகம்தான். இரண்டாவது கம்பமும் தாண்டியது. எதிரே வந்த காரில் இருந்தவர்கள், காலை விரித்துக்கொண்டு சவாரி போகிற இந்தத் தடியனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவனுக்குக் கண்ணை நீர் மறைத்தது. துடைக்கக் கை இல்லை.

"போதும் புள்ள. மூச்சு வாங்குது."

"யாருக்கு? உங்களுக்கா?"

"உனக்குத்தான். நான் மிதிக்கட்டுமா?"

"இன்னும் வேணாம்" என்றாள் அவள், இரைத்துக்கொண்டே. "ஹேண்டில மட்டும் நேராப் புடிங்க."

அவன் நேராகப் பிடித்துக்கொண்டான்.