கடற்காக்கைகள் தின்னாத காலை

படகுத்துறையை ஒட்டிய கொட்டகையில் மீன் அறுப்பது அவள் வேலை. ஆறு மாதமாக ஒரு பழக்கம் வைத்திருந்தாள். மீன் குடலையும் தலைகளையும் வாளியில் சேர்த்து, விடிந்ததும் பின்னாலிருந்த மணல்மேட்டில் கொட்டுவாள். நாற்றமும் தொலையும், பறவைகளுக்கும் வயிறு நிறையும்.

அதற்கு முன்பெல்லாம் அவள் தம்பி அந்த மேட்டைப் பார்த்துத்தான் கடலுக்குப் போவான். கடற்காக்கைகள் கூட்டமாகக் கரையேறி உட்கார்ந்துவிட்டால் புயல் வருகிறது என்று அர்த்தம். அன்றைக்குப் படகு அசையாது. இப்போது அவை தினமும் உட்கார்ந்திருந்தன, தீனிக்காக. அவன் மேட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

அன்று காலை வாளியைக் கவிழ்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒன்றுகூட எழவில்லை. கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, அத்தனையும் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. காலடியில் விழுந்த குடலைத் திரும்பியும் பார்க்கவில்லை. காற்றே இல்லை. வானொலி லேசான மழை என்றுதான் சொல்லியிருந்தது.

கைகூடக் கழுவாமல் துறைக்கு ஓடினாள். தம்பி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கூட்டாளி நெட்டையன் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், இன்னைக்குப் போகாதடா. மேட்டுல எல்லாம் உட்கார்ந்திருக்கு."

"என்னைக்குத்தான் உட்காரல? நீதானே பந்தி வைக்கிற."

"இல்லடா, இன்னைக்கு எதுவும் திங்கல. போட்டது போட்டபடி கிடக்கு."

"அதுங்களுக்கும் உன் சமையல் சலிச்சுப்போச்சுக்கா!"

நெட்டையன் விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்துப் படகுக்காரர்களும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயால் மறுபடியும் "போகாதே" என்று சொல்ல முடியவில்லை. படகு போய்விட்டது.

மதியத்துக்குள் கொட்டகையின் தகரக்கூரை பறந்தது.

மூன்றாம் நாள் நெட்டையனை மட்டும் கொண்டுவந்தார்கள். ஒரு காலி டிரம்மைக் கட்டிப்பிடித்து மிதந்திருக்கிறான். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"நடுக்கடல்ல ஒரு பறவை இல்லக்கா. திரும்பிடலாம்டான்னேன். 'எல்லாம் எங்கக்கா வீட்டு விருந்துக்குப் போயிருக்கும், பயப்படாதே'ன்னான். கடைசிவரைக்கும் உன்னைச் சொல்லித்தான்க்கா சிரிச்சுக்கிட்டிருந்தான்."

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னான்.